பதினொரு கழி ரொட்டி

சாப்பிட உட்கார்ந்தால் வேண்ட்லா முதலில் ரொட்டியை மேசையில் நாலு தட்டுத் தட்டுவாள். பொலபொலவென்று பழுப்புத் தூள் கொட்டும். தூளோடு வண்டுகளும் கொட்டும். எள்ளளவுதான், ரொட்டியின் நிறம்தான். கப்பலேறி உலகம் முழுக்கக் குடித்தனம் பண்ணுகிற சனியன். வண்டாவது விழுந்துவிடும். உள்ளே நெளிகிற வெள்ளைப் புழு விழாது, பல்லில்தான் அகப்படும். செராஃபீனாவின் பண்ணையில் வேலைக்காரியாக இருந்த பதினான்கு வருடமும் அவள் தின்றது இதைத்தான்.

வண்டை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மேற்கு ஃபின்லாந்தில் ரை என்கிற தானியத்து ரொட்டியை வருடத்துக்கு இரண்டே தடவை வட்டமாகச் சுட்டு, நடுத்துளையில் கழி கோத்து, கூரைக்கடியில் தொங்கவிடுவார்கள். கழி கூடக்கூட வீட்டுக்கு மதிப்பு. அந்த மதிப்புக்காகப் பழையது தீரும் முன்பே புதியதை மாட்டுவார்கள், தின்பதோ பழையதை. புதியது வண்டு வைத்த பிறகுதான் வாய்க்கு வரும். இதுவும் ஒரு கௌரவம்! தூ!

இந்த லட்சணத்தில், மனைவியை இழந்த ஈசாக்கி வேண்ட்லாவைப் பெண் கேட்டான். சொந்த நிலம், எட்டு மாடு.

"உனக்கு அடிச்சுதுடி யோகம்!" என்று செராஃபீனாவே அவளை வீடு பார்க்க அழைத்துப் போனாள்.

ஈசாக்கி மேலே கை காட்டினான். "எண்ணிப் பாரு. பதினொரு கழி!"

பிறகு ஏணி போட்டு ஏறி, ஓரக் கழியிலிருந்து ஒன்றைப் பயபக்தியோடு எடுத்து வந்தான். "மூத்தவன் பொறந்தப்போ சுட்டது. பன்னண்டு வருஷமாச்சு. யாருக்கும் தந்ததில்ல, உனக்குத்தான்."

உடைத்தான். உள்ளே ரொட்டியே இல்லை, சல்லடைதான் இருந்தது. மேசையெங்கும் வண்டுகள் ஊர்ந்தன. அவன் வாயால் ஊதித் தள்ளி, துளை தெரியாமல் வெண்ணெயை அப்பி நீட்டினான். வெண்ணெயில் ஒரு வண்டு காலை உதறிக்கொண்டிருந்தது.

"மூஞ்சிய சுளிக்காத. இதுங்களும் நம்ம ரொட்டி தின்னு வளந்ததுதானே!"

அதைத் தின்றால் சம்மதம் என்று அர்த்தம். பண்ணைக்காரியாகலாம், சாகும்வரை இதே ரொட்டி. வேண்ட்லா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாங்க."

வசந்தத்தில் அவள் கட்டிக்கொண்டது சாலைக்குக் கல் உடைக்கிற யால்மாரியை. அவன் வீட்டில் ஒரே கழி. மாவு கிடைத்தால் சுடுவான். ஒரு வாரத்தில் கழி மொட்டையாகிவிடும்.

"அடி பைத்தியக்காரி! அங்க போய்ப் பட்டினிதான் கெடப்ப!" என்று கத்தினாள் செராஃபீனா.

"கெடக்கறேம்மா," என்றாள் வேண்ட்லா. "வண்டும் என்கூட சேந்து பட்டினி கெடக்கட்டும்."