கீழ் வரியைக் கேட்டவள்

இசைத்துறையில் எல்லாரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் நாள் காலை அவள் படியேறி வந்தபோது, பூட்டிய பயிற்சி அறை ஒன்றின் முன்னால் நாலைந்து பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெண் அவளைப் பார்த்து, “அக்கா, சாவி உங்ககிட்டயா இருக்கு?” என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டு வாங்கி, கதவைத் திறந்துவிட்டு, தானும் உள்ளே போய் உட்கார்ந்து, பையிலிருந்து புல்லாங்குழலை எடுத்தாள். பிள்ளைகளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. வகுப்பில் அவளுக்கு அடுத்த மூத்தவனுக்கு இருபது.

அதற்கு முன் இருபத்தோரு வருஷம் அவள் ஒரு கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். ஓடும் பட்டையில் பாட்டில்கள் வரிசையாக வரும். பின்னால் ஒரு வெள்ளை விளக்கு எரியும். கீறல் விழுந்தது, குமிழி உள்ளது, கழுத்து கோணியது எதுவானாலும் கை தானாகப் போய் எடுத்துப் போட்டுவிடும். ஆயிரக்கணக்கான பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு போகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் காதருகே வந்து கத்தினால்தான் கேட்கும். காதடைப்பான் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டால் பேச்சுத் துணை போய்விடுமே என்று யாரும் போடுவதில்லை. அங்கே மனமகிழ் மன்றத்தில் மாலை நேரத்தில் வாத்தியம் கற்றுத் தந்தார்கள். அவள் உலோகப் புல்லாங்குழல் கற்றுக்கொண்டாள். விளையாட்டாகத் தொடங்கியது ஒன்பது வருஷம் ஓடியது. பிறகு பாட்டிலைப் பார்க்கக் கேமரா வந்தது, பார்த்துக்கொண்டிருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடப்போகிறேன் என்று அவள் சொன்னபோது, பஸ் ஓட்டுநரான கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“இடம் கிடைச்சா போ. கிடைக்கலன்னா ரெண்டு மாசம் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கக்கூடாது. அத மட்டும் இப்பவே சொல்லிடறேன்.”

இடம் கிடைத்தது.

மகள் அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் இரண்டாம் ஆண்டு. ஆகவே வீட்டில் அவள்தான் சீனியர். அம்மாவுக்கு அடையாள அட்டை எடுக்க எந்த ஜன்னல், எந்த நூலகர் சிடுசிடுப்பார், உணவகத்தில் எத்தனை மணிக்குப் போனால் வரிசை இருக்காது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அசைன்மென்ட் முடித்தாயா என்று கேட்பாள். முடிக்கவில்லை என்றால் அம்மாவுக்கு வந்த கோபத்தைவிட மகளுக்கு வந்த கோபம் பெரிதாக இருக்கும். இந்த வீட்டில் யார் யாரைப் பெற்றது என்று கணவர் சிரிப்பார்.

காலையில் ஆறே முக்காலுக்கெல்லாம் பெரியக்கா துறைக்கு வந்துவிடுவாள். பயிற்சி அறைகள் மொத்தம் ஆறு. ஒவ்வொரு கதவிலும் ஒரு தாள், நூலில் கட்டிய பென்சில். முந்தி வந்தவர் பெயர் எழுதிக்கொள்ளலாம். எட்டு மணிக்கு மேல் வந்தால் படிக்கட்டுதான் கதி. சுவர்களோ அட்டை மாதிரி. இந்தப் பக்கம் ஒருத்தி ஒரே இடத்தை நாற்பது தடவை பாடுவாள். அந்தப் பக்கம் தவளை ட்ரம்பெட் ஊதுவான். ஊதும்போது கன்னம் இரண்டும் புடைத்துக்கொள்வதால் அவனுக்கு அந்தப் பெயர். அவனும் அதைச் சந்தோஷமாகவே சுமந்தான். ஒரு மாதத்துக்குள் யாருக்கு எந்த இடத்தில் சறுக்கும் என்பது பெரியக்காவுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. பாடுகிறவள் அந்த இடத்தை ஒருநாள் சறுக்காமல் தாண்டியபோது இவள் சுவரில் இரண்டு தட்டு தட்டினாள். அந்தப் பக்கம் பாட்டு நின்றது. பிறகு இரண்டு தட்டு திரும்பி வந்தது.

பிள்ளைகள் எல்லாரும் பயந்தது செவிப்பயிற்சி வகுப்புக்கு. ஆசிரியைக்கு முப்பது வயதுக்கு மேல் இராது. பியானோவில் நான்கு குரல்கள் சேர்ந்து நகர்கிற ஒரு சின்னப் பகுதியை வாசிப்பார். கேட்டு, நான்கையும் தனித்தனி வரியாக எழுத வேண்டும். மேல் வரி எல்லாருக்கும் வந்துவிடும், அதுதானே மெட்டு. அடியில் போகிற வரியைப் பாதிப் பேர் குருட்டாம்போக்கில்தான் எழுதினார்கள். பெரியக்காவுக்கு அது தலைகீழ். அவள் முதலில் எழுதுவதே கீழ் வரியைத்தான். அது அவளுக்கு வீட்டுத் தரை மாதிரித் தெளிவாக இருந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் கேட்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்ததும் தவளை நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தான். கீழ் வரி எப்படிப் பிடிபடுகிறது என்று இவள் சொல்ல, இவளுக்குப் புரியாத கோட்பாட்டுப் பாடத்தை அவன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொடுத்தான்.

சங்கடம் ஆர்கெஸ்ட்ராவில் வந்தது. முதல் பருவம் முழுக்க இரண்டாம் புல்லாங்குழலாக ஒரு குறையும் இல்லாமல் போனாள். முதல் புல்லாங்குழல் வாசித்தவள் ஒல்லியான, அதிகம் பேசாத பெண். இரண்டாம் பருவத்தில் புதுப் பகுதி ஒன்றில் பிக்கலோ தேவைப்பட்டது. புல்லாங்குழலின் பாதி நீளம், இரட்டிப்புக் கீச்சு. அதைப் பெரியக்காவிடம் கொடுத்தார்கள். ஒத்திகையில் ஆர்கெஸ்ட்ரா நடத்துகிற பேராசிரியர் கையைத் தூக்கி நிறுத்தினார். பிக்கலோ மேலே போகிறது, இறக்குங்கள் என்றார். இறக்கினாள். மறுபடி நிறுத்தினார். இப்போது ரொம்பக் கீழே போய்விட்டதாம். மூன்றாம் தடவை நிறுத்தியபோது யாரோ முன்வரிசையில் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்கள். அவர் சொல்கிற வித்தியாசம் எதுவுமே அவளுக்குக் கேட்கவில்லை. கேட்காத ஒன்றை எப்படிச் சரிசெய்வது? கை பழக்கத்தில் எதையோ செய்தாள். பிக்கலோவை வாயில் வைத்துக்கொண்டு, ஊதாமலே மீதி ஒத்திகையை ஒப்பேற்றினாள்.

ஒத்திகை முடிந்து எல்லாரும் வாத்தியங்களைத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கும்போது பெரியக்கா அந்த ஒல்லிப் பெண்ணிடம் கேட்டாள். போன பருவத்திலும் இப்படித்தான் இருந்ததா, உள்ளதைச் சொல் என்றாள். அந்தப் பெண் துணியைக் குழாய்க்குள் விட்டு இழுத்துக்கொண்டே இருந்தாள்.

“மேல போகும்போது மட்டும் கொஞ்சம் விலகுவீங்கக்கா. நான்தான் உங்க பக்கம் வந்துக்கிட்டே இருந்தேன்.”

ஒரு பருவம் முழுக்க. தன் சுருதியை விட்டுவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரி எங்கே போகிறாளோ அங்கே போயிருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லாமல். பெரியக்காவுக்கு வெட்கமாகவும் இருந்தது, அவள்மேல் அன்பாகவும் இருந்தது. அந்தப் பெண்ணின் தலையை ஒரு தடவை தடவிவிட்டு வெளியே வந்தாள்.

காது பரிசோதனைக்கு மகள்தான் நேரம் வாங்கிக் கொடுத்தாள். தடித்த சுவர் வைத்த சின்ன அறை, ஒரு நாற்காலி, தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். முதலில் தாழ்ந்த சத்தங்கள், எறும்பு ஊர்கிற மாதிரி மெல்லியதாக வந்தவை. ஒன்றையும் விடாமல் அழுத்தினாள். பிறகு ஒன்றும் வரவில்லை. அடுத்ததற்கு இயந்திரத்தை மாற்றுகிறார்கள் போலும் என்று பொத்தானில் கட்டைவிரலை வைத்தபடி காத்திருந்தாள். நாற்காலியின் கைப்பிடியில் உரிந்திருந்த வண்ணத்தைப் பார்த்தாள். அப்புறமும் காத்திருந்தாள். கதவு திறந்தது. பரிசோதனை செய்தவர் சின்ன வயதுக்காரர்.

“முடிஞ்சிடுச்சும்மா” என்றார். “கடைசிப் பகுதியில பத்துப் பதினஞ்சு தடவை கொடுத்தேன்.”

பிறகு, இதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள் என்று விசாரித்தார். சொன்னாள். அவர் ஒரு தாளில் வரைபடத்தைக் காட்டினார். கோடு தாழ்ந்த சத்தங்களில் நேராக வந்து, கீச்சுச் சத்தங்களில் மலையிலிருந்து விழுந்ததுபோல் இறங்கியிருந்தது. வலது காது கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் போனது திரும்பி வராது, இருப்பதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அன்றைக்கு அடுப்படியில் வைத்துக் கணவரிடம் சொன்னாள். அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். குக்கரைக் கழுவியபடி, தான் பல வருஷமாக அவளை இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்ததைச் சொன்னார். திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. அவர் ஈரக் கையோடு அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

புல்லாங்குழலை உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். மூன்று நாள் வகுப்புக்குப் போகவில்லை. நான்காம் நாள் காலை மகள் படுக்கையறை வாசலில் வந்து நின்றாள்.

“அம்மா, நீ வீட்டுல உக்காந்தா காது சரியாகாது. வருகைப்பதிவுதான் குறையும். படிப்பை விடணும்னா விடு. ஆனா போய், நேர்ல சொல்லி, எழுதிக் கொடுத்துட்டு வா. ஓடி ஒளியற மாதிரி வேண்டாம்.”

மகள் சொன்னது நியாயமாகப் பட்டது. விலகல் கடிதம் எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். செவிப்பயிற்சி ஆசிரியையிடம்தான் முதலில் கொடுக்க வேண்டும், அவர்தான் வகுப்புக்குப் பொறுப்பு. போன நேரம் வகுப்பு தொடங்கிவிட்டது. வாசலில் நிற்பவளைப் பார்த்து ஆசிரியை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். உட்கார்ந்தாள். தவளை ஒரு தாளையும் பென்சிலையும் அவள் பக்கம் தள்ளினான். பியானோ தொடங்கியது. எழுதக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எழுதினாள். கீழ் வரி வழக்கம்போல வந்தது, ஒரு சுரம் பிசகாமல்.

வகுப்பு கலைந்ததும் பையில் கையை விட்டவள், கடிதத்தை எடுக்கவில்லை. வேறு ஒன்றைக் கேட்டாள்.

“மேடம், ஒத்திகை மண்டபத்து மூலையில உறை போட்டு ஒரு டபுள் பேஸ் நிக்குதே. அத யாராவது வாசிக்கிறாங்களா?”

வாசித்தவன் போன வருஷமே படிப்பை முடித்துப் போய்விட்டான், அதற்கப்புறம் ஆளில்லை என்றார் ஆசிரியை. அப்புறம்தான் அவருக்கு இவள் கேட்டதன் அர்த்தம் புரிந்தது, ஆர்கெஸ்ட்ராவில் கீழ் வரியை வாசிப்பதே அந்த ராட்சத வயலின்தான். காதைப் பற்றி முழுதாகக் கேட்டறிந்தார். வாத்தியத்தை மாற்றினால் முதலாம் ஆண்டை மறுபடி தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டும், அதுதான் விதி என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“இருபத்தோரு வருஷம் ஒரே மாதிரி பாட்டிலைப் பாத்தவ நான்” என்றாள் பெரியக்கா. “ஒரு வருஷம் என்ன மேடம்.”

அவள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் இருந்தது அந்த டபுள் பேஸ். முதல் நாள் கட்டிப்பிடித்து நிற்கவே தடுமாறினாள். நாலு கம்பிகளும் மாடிப்படிக் கைப்பிடிக் கம்பிபோல் முரடு. வாரம் ஒருமுறை வெளியிலிருந்து வந்து கற்றுக்கொடுத்தவர், விரலால் அழுத்தாதே, கையின் எடையை இறக்கு என்று நூறு தடவை சொன்னார். இடது கை விரல்களில் கொப்புளம் வந்து, உடைந்து, தோல் தடித்தது. வில்லை மிகத் தடித்த கம்பியில் வைத்து இழுத்தபோது முதலில் லாரி கிளம்புகிற சத்தம்தான் வந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அது சுரமாக வந்தது. காதுக்கு வருவதற்கு முன்பே இடுப்பிலும் முழங்காலிலும், செருப்பைக் கழற்றியிருந்த பாதத்திலும் வந்து சேர்ந்தது. அவள் வில்லை எடுக்காமல், அது தீரும்வரை அப்படியே நின்றாள்.

அதை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்று கணவர் டேப் எடுத்துப் படிக்கட்டை அளந்தார். திருப்பத்தில் எப்படிச் சாய்த்தாலும் நாலு விரல்கடை இடித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தப்பித்தார்கள் என்று டேப்பைச் சுருட்டினார். அதனால் பயிற்சியெல்லாம் துறையில்தான். புல்லாங்குழல் அலமாரியிலிருந்து இறங்கி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில், கீழ் சுரங்களில் மட்டும், தனக்காக ஊதிக்கொள்வாள்.

இரண்டாம் முறை முதலாம் ஆண்டு முடிகிற சமயம் ஆர்கெஸ்ட்ராவின் நிகழ்ச்சி. மேடையின் வலது ஓரத்தில் உயர்ந்த முக்காலியில் சாய்ந்து நின்றாள். மெதுவான இரண்டாம் பகுதியில் டபுள் பேஸ்தான் தனியாகத் தொடங்க வேண்டும். எட்டு சுரம், அவ்வளவுதான். பேராசிரியர் அவள் பக்கம் திரும்பிக் கையை மெல்லக் காட்டினார். வில் நகர்ந்தது. எட்டாவது சுரத்தின் மேல் செல்லோக்கள் வந்து அமர்ந்தன, பிறகு மற்றவர்கள், கடைசியில் எங்கோ உயரத்தில் அந்த ஒல்லிப் பெண்ணின் புல்லாங்குழல். அதன் மேல் நுனி பெரியக்காவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் புருவம் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டாள், இன்று அவள் யார் பக்கமும் சாய வேண்டியதில்லை.

முடிந்து வெளியே வந்தபோது தவளை வந்து கையைப் பிடித்தான்.

“காலுக்கடியில தரை வந்த மாதிரி இருந்துச்சு பெரியக்கா” என்றான்.

வேலையிலிருந்து சீருடையோடு நேராக வந்திருந்த கணவர், மெதுவான பகுதியில் கண் அசந்துவிட்டதாக மகள் போட்டுக்கொடுத்தாள். அவர் மறுக்கவில்லை. மனசு நிம்மதியாக இருந்தால்தான் தூக்கம் வரும் என்றார்.

இப்போது அவள் மூன்றாம் ஆண்டு. துறையில் இன்னமும் டபுள் பேஸ் வாசிக்க அவள் ஒருத்திதான். ஆகவே யார் நாலு பேர் சேர்ந்து எதை வாசிக்க நினைத்தாலும் முதலில் அவளைத் தேடித்தான் வருகிறார்கள். போன வியாழக்கிழமை மதியம் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்துக்கு அவளைக் கேட்டுப் பயிற்சி அறை வாசலில் மல்லுக்கு நின்றன. முதலில் சொன்னது நாங்கள்தான் என்று ஒரு பக்கம். போன வாரமே பேசியாகிவிட்டது என்று மறுபக்கம். பெரியக்கா சுவரில் சாய்ந்து வில்லுக்குப் பிசின் தடவிக்கொண்டே இரண்டு பக்கத்தையும் கேட்டாள். பிறகு பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கதவில் தொங்கிய பென்சிலைப் பிடித்து இழுத்தாள்.

“சத்தம் போடாதீங்க” என்றாள். “ஒவ்வொருத்தரா சொல்லுங்க. இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க, எனக்கு வலது காதுதான் நல்லா கேக்கும்.”