தகரம் அடித்த இடுக்கு

என் ஓரகத்தி ஒரு நூலகத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்க்கிறாள். நான் அங்கேயே வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பையை வாங்கி வைப்பவள். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரே கட்டடத்தில் மாரடிக்கிறோம். எங்கள் தலையெழுத்து.

அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவின் பாடெல்லாம் மேல்மாடியில். பழைய செய்தித்தாள் கட்டுகள் அடுக்கிய அறை. அதன் கூரை இடுக்கில் வௌவால்கள். குளிர்காலத்தில் நாலைந்து கிழடுகள் முடங்கிக் கிடக்கும், தொல்லையில்லை. வெயில் ஏறினால் போதும், எங்கிருந்துதான் வருமோ, வயிற்றுச் சுமையோடு கும்பலாக வந்து ஒட்டிக்கொள்ளும். மழை பிடித்துப் பூச்சி பெருகினால் தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். மழை ஓய்ந்ததும் மாயமாகிவிடும். அதுவரை தினமும் முட்டியைப் பிடித்துக்கொண்டு புழுக்கை வாருவாள். அந்த முட்டிக்கு எந்தத் தைலமும் கேட்கவில்லை.

இடுக்கை அடைத்துவிடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்தது. இந்த வெயிலில்தான் நூலகர் மனம் இரங்கி, தகரம் அடிக்க ஆளை வரவழைத்தார். தகரக்காரர் விவரமானவர், சாயங்காலம் எல்லாம் இரை தேடிப் பறந்து போகும்வரை காத்திருந்து, உள்ளே எதுவும் சிக்காது என்ற நிம்மதியோடு ஆணி அடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை தரை பளிச்சென்று இருந்தது. அக்கா நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினாள். அப்போதுதான் கூரைக்குள் கீச்கீச்சென்று கேட்டது. ஜன்னலைத் திறந்தால், பட்டப்பகலில் தாய் வௌவால்கள் தகரத்தைச் சுற்றி வெளிச்சுவரில் அப்பிக் கிடந்தன. பறக்கத் தெரியாத குட்டிகளை உள்ளே விட்டுவிட்டுத்தான் இரைக்குப் போயிருக்கின்றன. அவளுக்கு முகம் செத்துப்போனது.

இரண்டொரு நாளில் சத்தம் தானாக அடங்கிவிடும், இப்போது பிரித்தால் ஜென்மத்துக்கும் திரும்ப அடைக்கமாட்டேன் என்றார் நூலகர். நானும் பேசாமல் இரு என்றுதான் அவளிடம் சொன்னேன். இத்தனை வருஷம் பட்டது போதாதா?

"அடங்கிடும்தான். அப்புறம் அதுக்குக் கீழ நின்னு நான் எப்படிடி பெருக்குவேன்?"

தகரக்காரருக்கு அவளே போன் போட்டாள். பொழுது சாய்வதற்குள் தகரம் கீழே வந்துவிட்டது.

அடுத்த நாள் போனால் தரை முழுக்கப் புழுக்கை. எனக்கு வயிறு எரிந்தது. அக்கா விளக்குமாற்றை எடுத்து, முட்டியில் கை ஊன்றிக் குனிந்தாள். சனியன்கள் என்று திட்டினாள். கொஞ்சம் பெருக்கிவிட்டு நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். சத்தமே இல்லை.

"எல்லாம் பால் குடிச்சிருக்கும்ல?" என்று என்னைக் கேட்டாள்.

"குடிக்காம என்ன? நீ பெருக்குக்கா" என்றேன்.