டென்ஸ் வராத பெண்

என்னைப் பெண் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளை பி.ஏ. படித்தவர். அந்தக் காலத்துத் திருப்பூரில் பி.ஏ. என்றால் பனியன் கம்பெனி முதலாளிகளே எழுந்து நின்று கும்பிடுவார்கள். பாடச் சொல்வார் என்று நினைத்து ஒரு முருகன் பாட்டைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ தட்டிலிருந்த வெல்லக் கச்சாயத்தைக் கடித்துக்கொண்டே, "நாங்க வர்ற வரைக்கும் காத்தால இருந்து என்னங்க பண்ணீட்டிருந்தீங்க? இங்கிலீஷ்ல சொல்லுங்க பாக்கலாம்" என்றார்.

விடியலிலிருந்து அடுப்பு முன்னால் வெந்து அந்தக் கச்சாயத்தைச் சுட்டவளே நான்தான். எஸ்.எஸ்.எல்.சி.யும் தேறியிருந்தேன். "ஐ வாஸ் மேக்கிங் கச்சாயம் ஃப்ரம் மார்னிங்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒன்றும் புரியாத அவர் தங்கையும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்தபடியே இன்னொரு கச்சாயத்தையும் எடுத்துக்கொண்டார். அதை மட்டும் நான் மறக்கவே இல்லை.

மறுநாள் தரகர் வந்து, "பொண்ணுக்கு டென்ஸ் வராதாமாங்க, வேண்டாம்னுட்டாங்க" என்று வாசலில் நின்றே அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா காதில் அது 'டான்ஸ்' என்று விழுந்தது. "நல்ல ஊட்டுப் புள்ளைக்கு எதுக்குங்க டான்ஸ் வரோணும்?" என்று எங்களுக்காகத்தான் பரிந்து பேசினார். ஆனால் பேச்சு குழாயடிக்குப் போனபோது, ஆட வராதென்றால் காலில் ஏதோ கோளாறு என்று ஆகிவிட்டது. அது பக்கத்து ஊர் சாமளாபுரம் போய்ச் சேர்வதற்குள் எனக்கு ஒரு கால் குட்டையாகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் யாரும் பாடச் சொல்லவில்லை. "கொஞ்சம் நடந்து வா கண்ணு" என்றார்கள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னவர்களும் உண்டு. அத்தனை கண்களும் காலையே பார்த்தால் யாருக்குத்தான் கால் பின்னாது? பின்னியது. பார்த்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். கல்யாணம் ஆகவில்லையே என்று நான் அழுததில்லை. சந்தையில் மாட்டை நடத்திப் பார்ப்பது போல என்னை நடத்திப் பார்த்தார்களே, அதற்குக் காரணமானவரைச் சும்மா விடக்கூடாது என்றுதான் கருவிக்கொண்டிருந்தேன்.

ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன். என் வாக்கியத்தில் என்ன தப்பு என்பது அங்கேதான் பிடிபட்டது. தமிழில் 'சுட்டுக்கொண்டிருந்தேன்' என்று சொன்னால் வேலை முடிந்தது. இங்கிலீஷ்காரனுக்கு அது பற்றாது. நடந்து முடிந்த ஒரு சம்பவம் வேண்டும். அது மாப்பிள்ளை வீட்டார் வந்தது. அதற்கு முன்பே தொடங்கி அதுவரை நீண்ட ஒரு வேலை வேண்டும். அது நான் கச்சாயம் சுட்டது. நீண்ட வேலைக்கு முன்னால் 'ஹேட் பீன்' போட்டு, வினைச்சொல்லின் வாலில் 'இங்' ஒட்ட வேண்டும். எப்போதிலிருந்து என்றால் 'சின்ஸ்', எவ்வளவு காலமாக என்றால் 'ஃபார்'. 'ஃப்ரம்' அங்கே ஆகாது. "ஐ ஹேட் பீன் மேக்கிங் கச்சாயம் சின்ஸ் மார்னிங் வென் யூ கேம்." இவ்வளவுதான் சங்கதி. இதற்காகவா என் காலை ஒடித்தார்கள்?

பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சரானேன். இந்தப் பாடம் வரும்போதெல்லாம் கச்சாய வாக்கியத்தைத்தான் கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகளுக்கு நாக்கில் எச்சில் ஊறும். எனக்கு வயிறு எரியும். கடைசியில் வரும் அந்த 'யூ' யார் என்று எனக்குத்தானே தெரியும். ஒருநாள் வரட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தார். மாமனார் கொடுத்த பனியன் கம்பெனிக்கு முதலாளியாகி, எங்கள் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க வந்தார். நன்றியுரையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மைதானம் நிறையத் தாய்மார்கள். பாதிப்பேர் அவர் கம்பெனியிலேயே பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறவர்கள். அவர்கள் முன்னால் மைக்கைப் பிடித்து இங்கிலீஷில் முழங்கினார்: "வென் யுவர் இன்விடேஷன் கேம், ஐ வாஸ் வெயிட்டிங் ஃப்ரம் மெனி இயர்ஸ்!"

அதே 'வாஸ்'. அதே 'ஃப்ரம்'. எனக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது.

என் முறை வந்தது. "பிள்ளைகளா, ஐயா சொன்னதை எப்படிச் சொல்லோணும்?" என்று கேட்டேன். "ஹேட் பீன் வெயிட்டிங் ஃபார் மெனி இயர்ஸ்!" என்று என் வகுப்பு ஒரே குரலில் கத்தியது. "இதுக்கு நாம படிச்ச வாக்கியம்?" கச்சாய வாக்கியத்தையும் முழுசாகச் சொன்னார்கள். அவர் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். இப்போது தெரிந்துவிட்டது. தாய்மார்களுக்கும் புரிய வேண்டுமே என்று தமிழில் சொன்னேன். "வேற ஒண்ணும் இல்லீங்க. மொதலாளிக்கு டென்ஸ் வராதுங்க."

முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்தார். "என்னது, டான்ஸ் வராதாமா?"

"கால்ல கோளாறாட்ட இருக்குதுங்க, பாவம். அதுதான் எப்பவும் கார்லயே வர்றாருங்களா?"

வரிசை வரிசையாக அது பின்னால் போவதை மேடையிலிருந்து பார்த்தேன். டென்ஸ் வேறு, டான்ஸ் வேறு என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் உத்தியோகம். மைக்கும் என் கையில்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பொன்னாடையை எடுத்துக்கொண்டு மேடையின் இந்தக் கோடிக்கு வந்தேன். அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தவரை மைக்கில் கூப்பிட்டேன்.

"ஐயா, கொஞ்சம் நடந்து வாங்க."

எழுந்து நடந்தார். மைதானம் மொத்தமும் அவர் காலையே பார்த்தது. பாதி மேடை தாண்டுவதற்குள் அவருக்குக் கால் பின்னியது.