ஒரு மணிச் சாப்பாடு

சந்திரிகா செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் கிர்ஸ்டன் மேடம் வாயருகே கையைக் குவித்து, சாப்பிட்டாயா என்று சைகையில் கேட்டார். "ஆச்சு மேடம்" என்று சொல்லிவிட்டாள். சாப்பிடவில்லை. ஆனால் வேலை செய்கிற வீட்டில் கேட்டால் ஆச்சு என்றுதானே சொல்ல வேண்டும்? ராயப்பேட்டையில் அது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். டென்மார்க்கில் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

பத்து நிமிடம் கழித்துக் கூரியர் வாங்கக் கீழே வந்த மேடம், மாடிப்படி வளைவில் தரையில் உட்கார்ந்து அவள் சோறு பிசைவதைப் பார்த்துவிட்டார். முகம் சிவந்து, கண் கலங்கிவிட்டது. தன் வீட்டில் உழைக்கிறவள் பசியை மறைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து தின்பதா? எச்சில் கையோடு அவளை லிஃப்ட்டில் ஏற்றி ஐந்தாவது மாடிக்குக் கூட்டிப்போனார். அன்றிலிருந்து ஒரு மணியானால் சந்திரிகா மேசையில் உட்கார்ந்தாக வேண்டும்.

கேட்கிறவர்களுக்கு அவள் கொடுத்துவைத்தவள். அந்த ஒரு மணி நேரம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அவள் வயிற்றெரிச்சல் புரியும். காலை ஐந்துக்கு எழுந்தால் படுக்கிறவரை அவள் யாருக்காவது ஓடிக்கொண்டிருப்பவள். அவளுக்கென்று இருந்தது ஒன்றிலிருந்து இரண்டு வரைதான். இரண்டாவது மாடியில் வேலை செய்யும் ஜெயபாரதி வருவாள், மூன்றாவது மாடி தங்கபுஷ்பம் வருவாள். கருவாட்டுத் தொக்கு மூன்று டப்பாவுக்கும் போய்வரும். ஜெயபாரதி தன் வீட்டம்மா நடக்கிற நடையை நடந்து காட்டுவாள். சிரித்துச் சிரித்துப் புரையேறும். அப்புறம் காலைப் படிமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, குளிர்ந்த தரையில் மல்லாந்து கொஞ்சம் கண்ணை மூடலாம்.

இப்போது மேலே ஏ.சி., வெள்ளை மேசைவிரிப்பு, எதிரே மேடத்தின் கணவர் லார்ஸ் சார். காற்றாலைக் கம்பெனியில் பெரிய உத்தியோகம், பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. ரொட்டியைக்கூடக் கத்தியால் வெட்டி முள்ளால் குத்தித் தின்கிற மனிதர்கள். ஒரு உப்பு உண்டா, உறைப்பு உண்டா? வேகவைத்த உருளைக்கிழங்கும் ஜில்லென்ற மீனும் தொண்டையில் இறங்க மறுக்கும். "நல்லாயிருக்கா?" என்பார் மேடம், கற்றுவைத்திருந்த ஒரே தமிழில். "சூப்பர் மேடம்" என்பாள். உடனே இன்னொரு துண்டு தட்டில் விழும்.

கீழே ஜெயபாரதிக்குக் கோபம். "வோணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லேன்டி. வாயில இன்னா கொயக்கட்டையா வெச்சிக்கினு கீறே?"

"எப்டிக்கா சொல்றது? அவ்ளோ ஆசையா வெக்கிறாங்க."

"ஏட்டி, அவளுக்கு மேசை ருசி கண்டுபோச்சு" என்றாள் தங்கபுஷ்பம். விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனாலும் சுருக்கென்று தைத்தது.

வேலையை விட்டுவிடலாமே என்பீர்கள். இவ்வளவு மரியாதையாக நடத்துகிறவர்களை விட்டு வந்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

மேடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊரிலிருப்பவர்கள் படிக்க இணையத்தில் கடிதம் எழுதிப் போடுவார். இங்கே என்ன பார்த்தோம், எப்படி வாழ்கிறோம் என்று பக்கம் பக்கமாக. ஒரு திங்கட்கிழமை போனை நீட்டி அதைத் தமிழில் மொழிபெயர்த்துப் படிக்கவிட்டார். போன் செய்தி வாசிப்பதுபோல வாசித்தது. "சந்திரிகா எங்கள் மேசையில் அமர்ந்து உணவருந்துகிறார். அது அவருக்கு நாளின் மிகவும் மகிழ்ச்சியான நேரம்." நூற்றுப் பதினேழு பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள். சந்திரிகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேடம் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு அவளைக் கட்டிக்கொண்டார்.

ஒருநாள் காலை கீழே போனபோது, படி வளைவில் அவள் உட்காரும் இடத்தில் யாரோ பழைய வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவளுக்கு அது தாங்கவில்லை. மேலே வந்து, மேடத்தின் போனை வாங்கி அதனிடம் பேசினாள். சாப்பாடு பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்படியெல்லாம் சொல்லிவிட முடியுமா? "கீய என் ஃபிரெண்ட்ஸுங்க கீறாங்க மேடம். ரெண்டு பேரு. அவுங்க கூட சாப்ட்டாத்தான் எனுக்குச் சாப்ட்ட மாரி இருக்கும்."

போன் பாதியைத்தான் புரிந்துகொண்டது போல. ஆனால் மேடம் கேட்டார், நெஞ்சில் கைவைத்துக்கொண்டார், வேகவேகமாகத் தலையாட்டினார். சந்திரிகாவுக்கு அப்பாடா என்றிருந்தது. அன்று சாயங்காலம் பாரதி சாலை மீன் கடையில் நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டு போய், எண்ணெய் மிதக்கத் தொக்கு வைத்தாள்.

மறுநாள் ஒரு மணிக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல் கதவைத் திறந்தாள். லிஃப்ட்டிலிருந்து மேடம் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் ஜெயபாரதி, மறு கையில் தங்கபுஷ்பம்.

மேசையில் ஐந்து தட்டுகள் இருந்தன.

மூன்று பேரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தொக்கு டப்பா சந்திரிகாவின் மடியில் மூடியபடி இருந்தது. "இன்னாடி பண்ணி வெச்சிக்கீறே?" என்றாள் ஜெயபாரதி, உதடு அசையாமல்.

"நீயே சொல்லுக்கா. மூஞ்சிக்கு நேரா சொல்லு."

ஜெயபாரதி உருளைக்கிழங்கைக் குத்தினாள், அது வழுக்கி ஓடியது, துரத்திப் பிடித்து வாயில் போட்டு விழுங்கினாள். மேடம் கண்ணகல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாயிருக்கா?"

ஜெயபாரதி வாயைத் திறந்தாள். சந்திரிகா அந்த வாயையே பார்த்தாள்.

"சூப்பர் மேடம்" என்றாள் ஜெயபாரதி.

மேடம் கைதட்டினார். இன்னொரு கிழங்கை அவள் தட்டில் வைத்துவிட்டு, போனை எடுத்து ஏதோ சொன்னார். போன் தமிழில் அறிவித்தது: "இனி நாள்தோறும் ஒரு மணிக்கு உங்கள் மூவரையும் எதிர்பார்க்கிறோம்."