முட்டையை ஒதுக்கிய ஆடு

பாலக்கரையில் ஒரு ஆரம்பப் பள்ளியில் முதல் வகுப்பு எடுத்தபோது, மதியச் சாப்பாட்டு நேரம்தான் எனக்குப் பெரும்பாடு. அதிலும் நஸ்ரின். ஆறு வயது, ஒல்லிக்குச்சி. மணி அடித்ததும் அவள் அம்மா ரஹ்மத் டிபன் பாக்ஸோடு வந்து, மகளை வராந்தாவில் உட்காரவைத்து, அவித்த முட்டையைப் பிட்டு வாயில் திணிப்பார். பிள்ளை பல்லைக் கடித்துக்கொள்வாள். துப்பினால் முதுகில் ஓர் அடி விழும்.

"எடையே ஏறல டீச்சர். துபாய்லேர்ந்து அவங்க அத்தா வீடியோ கால்ல பாத்துட்டு, புள்ளைக்கு சோறு போடுறியா இல்லையான்னு கேக்குறாரு" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

நஸ்ரின் எழுதவும் மாட்டாள். போர்டில் இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதுவாள். சொந்தமாக ஒரு வார்த்தை கேட்டால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள்.

வகுப்பில் பாதிப் பேர் சாப்பிட அடம்பிடிக்கிறவர்கள். அதையே கதையாக்கினேன். எங்கள் தெரு ஆடுகள் சுவர் போஸ்டரைக்கூட விடாது. என் கதையில் வந்த ஆடோ எதையும் தின்னாது. புல் வேண்டாம், மூக்கு கூசுது. வாழைத்தோல் வேண்டாம், வழுக்குது. போஸ்டர் வேண்டாம், பசை நாறுது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆடு வேறு எதை ஒதுக்கும் என்று வரைந்து, 'ஏன்னா' போட்டுக் காரணம் எழுதச் சொன்னேன். எழுத்து தெரியாவிட்டால் தோன்றியபடி எழுதலாம் என்றேன்.

'கத்திரிக்கா ஏன்னா கொழகொழ' என்று ஒருத்தன் எழுதியிருந்தான். நஸ்ரின் கடைசியாகச் சிலேட்டைக் கொண்டுவந்தாள். ஆட்டுக்கு முன்னால் ஒரு முட்டை. கீழே, 'முட்ட வேனா ஏன்னா வாய் அறிக்குது.'

ஆட்டுக்கு எங்கே அரிக்கும் என்று கேட்டேன். தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். பிறகு தொண்டையை. "எனக்கும்" என்றாள்.

மதியம் ரஹ்மத்திடம் சிலேட்டைக் காட்டினேன். சாப்பிடாமல் இருக்க இது ஒரு சாக்கு என்றுதான் முதலில் நினைத்தார்.

"இத்தன நாளா ஏன்டி சொல்லல?"

"முட்டைன்னா எல்லாருக்கும் அப்படித்தான் அரிக்கும்னு நெனச்சேன்மா."

ரஹ்மத் டிபன் பாக்ஸை மூடினார். அன்று மாலையே தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் காட்டினார். டெஸ்ட் எடுத்துப் பார்த்ததில் முட்டை அலர்ஜி என்று தெரிந்தது. இனி தொடவே கூடாது, ஒருநாள் மூச்சுக்கே வினையாகலாம் என்றாராம் டாக்டர். மறுநாள் என்னிடம் இதைச் சொல்லும்போது, அடித்த கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நஸ்ரின் பக்கத்தில் உட்கார்ந்து பருப்புச்சோற்றைத் தானாக அள்ளித் தின்றுகொண்டிருந்தாள்.

எங்கள் ஹெச்.எம். சிலேட்டைப் பார்த்துவிட்டு, மூன்று வார்த்தை தப்பாக இருக்கிறதே, திருத்தவில்லையா என்று கேட்டார். நாளைக்குத் திருத்துகிறேன் என்றேன்.

புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளை எழுதிக்கொண்டு வந்தால், என்ன சொல்கிறது என்று முதலில் படியுங்கள். பிழை எங்கேயும் ஓடிவிடாது.