தமிழுக்கு இரண்டை அழுத்தவும்

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தாலும், "தமிழுக்கு இரண்டை அழுத்தவும்" என்று மெசின் எவ்வளவு பணிவாகக் கேட்டாலும், யாரும் இரண்டை அழுத்துவதில்லை. இரண்டை அழுத்தினால் பாட்டுத்தான் கேட்கலாம், சிங்களத்துக்கு ஒன்றை அழுத்தினால் உடனே ஆள் வரும் என்பது திருகோணமலை மீன் மார்க்கெட்டிலிருந்து அரசாங்கக் கச்சேரி வரைக்கும் தெரிந்த சங்கதி. மேடையில் தமிழுக்காகத் தொண்டை கிழியப் பேசுகிறவரும் வீட்டுக்கு வந்தால் ஒன்றைத்தான் அழுத்துவார்.

என் கணவர் இதில் ஒரு படி மேலே. துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் சாமான்களைப் பற்றிச் சிங்களத்தில் வெளுத்து வாங்குவார். மற்ற எல்லாவற்றுக்கும் அவரிடம் இருப்பது "ஹரி, ஹரி" மட்டும்தான். சரி, சரி என்று அர்த்தம். தலையை ஆட்டி அதைச் சொல்லும்போது பார்க்கிறவர்கள் பெரிய பண்டிதர் என்றுதான் நினைப்பார்கள்.

போன வருடம் கட்டாரில் இருக்கும் எங்கள் மகளுக்கு முதல் பிள்ளை. மறுநாள் காலை சத்திரசிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகமுன்னம் பின்னேரம் வீடியோவில் வருவதாக அவள் சொல்லியிருந்தாள். அன்றைக்குப் பார்த்து எங்கள் கைபேசியில் இணையம் நின்றுவிட்டது. குரல் கேட்கலாம், முகம் பார்க்க ஏலாது. முகத்தைப் பார்க்காமல் எப்படி அவளை அனுப்புவது என்று நான் புலம்பினேன். இவரோ, "ஒப்பரேசன் எல்லாம் இப்ப சின்ன விசயம், சும்மா பயப்பிடாதை" என்று சொல்லிக்கொண்டே ஒன்றை அழுத்தினார்.

உடனே ஒரு பெண் வந்தாள். காற்று வேகத்தில் ஏதோ கேட்டாள். இவர் ஒவ்வொன்றுக்கும் "ஹரி, ஹரி" என்றார். வைத்துவிட்டு, "வேலை முடிஞ்சுது" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. இனி எங்களுக்கு அழைக்கிறவர்களுக்கு ஒரு சிங்களக் காதல் பாட்டுக் கேட்குமாம். இணையம் வரவில்லை.

"என்னத்துக்கு எல்லாத்துக்கும் ஹரி எண்டு சொன்னனீங்கள்?"

"அந்தப் பிள்ளை மரியாதையாக் கேட்டவள். நானும் மரியாதையாச் சொன்னனான்."

கைபேசியை வாங்கி இரண்டை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுக் குசினி மேசையில் வைத்தேன். பாட்டுப் போனது. உலையில் அரிசி போட்டேன், சோறும் வடித்தேன், பாட்டு முடியவில்லை. இவர் குட்டி போட்ட பூனையாக வாசலுக்கும் குசினிக்கும் நடந்தார். ஒவ்வொரு தடவையும், "ஒண்டை அமத்து, கெதியா எடுப்பினம்" என்றார். நான் அசையவில்லை.

கடைசியில் ஒரு பெண்குரல் வந்தது. "வணக்கம், உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?" நான் வாய் திறக்கமுன்னம் இவர் கைபேசியைப் பறித்தார்.

"பிள்ளை, என்ர மகளுக்கு நாளைக்கு ஒப்பரேசன். அவளின்ர முகத்தை ஒருக்காப் பாக்க வேணும். எனக்குச் சரியான பயமாக் கிடக்கு, பிள்ளை."

அதற்குமேல் பேச முடியாமல் அழுதார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து பயம் என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"அழாதேங்கோ ஐயா. லைன்லயே நில்லுங்கோ, நான் பாக்கிறன்" என்றாள் அந்தப் பிள்ளை. புத்தகத் தமிழை அவள் விட்டுவிட்டாள்.

பின்னேரம் மகளின் முகம் வந்தது. திரைக்குக் கிட்ட வந்து அப்பாவின் கண்களைப் பார்த்தாள்.

"அப்பா அழுதனீங்களோ?"

இவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு, "ஓம்" என்றார்.