பட்டுப்புழுவுக்குப் போட்ட சாம்பிராணி

முப்பது வருஷமாகப் பட்டு நெய்கிறேன். புழுவை உயிரோடு பார்த்தது போன ஆடியில்தான். எங்களுக்கு வருவது நூல். கூட்டைப் புழுவோடு கொதிநீரில் போட்டு எடுப்பது என்று காதில் விழும்; மேற்கொண்டு நான் கேட்டதில்லை. முட்டைகூடச் சாப்பிடாத வீடு, கேட்காமல் இருப்பதே சௌகரியம்.

சென்னையிலிருந்து கலைக் கண்காட்சி நடத்தும் ஒரு அம்மா வந்து எங்கள் கூடத்தைக் கேட்டார். என் தறிக்குப் பின்னால் ஒரு மின்தராசு, அதன்மேல் புழுத் தட்டு, சுவரில் சிவப்பு எண் ஓடும் பலகை. புழு மல்பெரி இலையைத் தின்னத் தின்ன, எச்சம் தட்டின் வலை வழியாகத் தராசுக்கு வெளியே உதிர்ந்து எடை குறையும். அதற்கேற்பப் பலகையில் புடவை விலை ஏறும்.

"பொருளாதாரம், உயிரியல், தொழில்நுட்பம் மூணும் ஒரே உடம்புன்னு காட்டறோம்ணா" என்றார்.

நான் எட்டாவது வரைதான். "சரிம்மா, நான் என்ன பண்ணணும்?"

"வழக்கம்போல நெய்யுங்க. நாளைக்குக் காலையில நாங்க வர்ற வரைக்கும் புழுவைப் பாத்துக்குங்க."

எங்கள் வீட்டில் தறியோ மிக்சியோ, புதுசாக எது வந்தாலும் சாம்பிராணி காட்டாமல் ஓட்டமாட்டோம். விடிந்ததும் குளித்து, விபூதி பூசி, தராசுக்குப் பொட்டு வைத்து, தட்டை மூன்று சுற்று சுற்றித் தூபம் காட்டினேன். உயிருள்ளதாயிற்றே என்று புழுக்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.

பத்து மணிக்கு அந்த அம்மாவும் கண்காட்சி பார்க்க விருந்தாளிகளும் வந்தபோது புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டின. ஒன்றும் தின்னவில்லை. விலை அசையவில்லை.

"சந்தை தேங்கிடுச்சு, பாருங்க" என்றார் ஒரு தாடிக்காரர். எல்லாரும் போனை எடுத்தார்கள்.

காபி கொண்டுவந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அதுங்களுக்கு மூச்சு முட்டுது. கொசுவுக்குப் போடற மாதிரி புகை போட்டுக்கினு இருந்தீங்களே."

அந்த அம்மாவிடம் போனேன். "சாம்பிராணி போட்டுட்டேம்மா. இதுங்களைக் காத்தாட வெக்கணும், இல்லன்னா செத்துடும்."

"தொடாதீங்கண்ணா. தானா நடக்கறதுதான் இந்தப் படைப்பே."

"தானா நடக்கலைம்மா. நான் பண்ணது."

தாடிக்காரர் அதை எழுதிக்கொண்டார். நான் தட்டைத் தூக்கினேன். தராசு காலியானதும் இலையெல்லாம் தீர்ந்தது என்று இயந்திரம் எடுத்துக்கொண்டது போலிருக்கிறது. விலை கிடுகிடுவென்று ஏறி உச்சியில் நின்றது. ஒரு புழுகூட இல்லாத தராசுக்குக் கைதட்டினார்கள்.

பின்கட்டில் மனைவி விசிற, நான் இலையை மாற்றினேன். நாலு புழு அசையவில்லை. அம்மன் பெயரைச் சொல்லி மண்ணில் புதைத்தேன். மத்தியானத்துக்குமேல் ஒன்று இலை ஓரத்தைக் கடித்தது. பிறகு பக்கத்தில் இருந்ததும் கடித்தது. பிறகு தட்டு முழுக்க நறநறவென்று சத்தம்.

சொல்ல ஓடினேன். அந்த அம்மா வெறும் தராசைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "தட்டு இனிமே வேணாம்ணா. இப்படியே நல்லா இருக்கு."

கூடு கட்டும்வரை புழுக்கள் எங்களோடுதான் இருந்தன. அதுவரை பூஜையில் பூ மட்டும்தான், புகை இல்லை. பட்டைத் தொட்டுத் தறியில் உட்காரும்போது மட்டும், அந்த நூல் அவற்றின் கண்ணில் படக்கூடாதென்று தட்டை மனைவியிடம் சொல்லி உள்ளறைக்கு மாற்றிவிடுவேன்.